நாலு சென்டிமீட்டர்

பிப்ரவரி 4, புதன்

அன்புள்ள அண்ணா,

நீ மூன்று முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எடுக்காததற்குக் காரணம் அது மட்டுமல்ல. போனில் நீ எது கேட்டாலும் "ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அப்புறம் சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டையிலேயே நிற்கும். எழுதும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். ஒன்பதாவதோடு நின்றவளின் எழுத்து இது. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. ஆனாலும் ஆற்றுப்படி நாற்பத்திரண்டையும் இறங்கி ஏற இனி முடியாது. அதனால், ஒரு வருஷமாக நான் பார்த்துவரும் அம்மாவின் வேலையை நீர்வளத்துறை அலுவலகம் முறைப்படி என் பெயருக்கே மாற்றிவிட்டது. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. கடைசிப் படியில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் நிற்கும் அளவுப் பலகையைப் பார்த்து, எண்ணைப் பதிவேட்டில் எழுதி அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புகிறேன். இன்று காலை ஒரு மீட்டர் எண்பத்தேழு.

எண்பத்தேழு என்று எழுதும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது. நீ எண்பத்துமூன்று என்று எழுதச் சொன்னாய்.

அந்த டிசம்பர் சனிக்கிழமையை நான் மறக்கவில்லை. ஞாயிறுதோறும் ஆற்றில் ஜீப் ஓட்டி விளையாடும் கிளப்பின் வண்டிகள் கடக்க வசதியாக, பலகைக்கு இருநூறு அடி கீழே, கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச் கட்டிப் பாறைகளை இழுத்துப் போட்டுப் பாதை செய்தீர்கள். வாயை முக்கால்வாசி பொத்தினால் எப்படியோ, அப்படி ஆறு அந்த இடத்தில் திணறியது. மாலையில் பார்த்தால் பலகையில் தண்ணீர் நாலு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. நீ படியிறங்கி வந்து, "நாலு சென்டிமீட்டர்தானே, குறைச்சு எழுதிடு. ஆபீஸ்ல கேள்வி வந்தா கிளப்புக்குத் தலைவலி" என்றாய். மாட்டேன் என்றேன். அத்தனை பேர் முன்னால் நீ சொன்னது இது: "பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டவ. நாலு நம்பர் எழுதத் தெரிஞ்சதும் ஆத்தையே இவதான் ஓட்டுறான்னு நெனப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் நீ புது வேலைக்குப் போய்விட்டாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. கீழ் நிலையத்தில் ஏறாத தண்ணீர் என் பலகையில் மட்டும் எப்படி ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எண் ஏன் குதிக்கிறது, வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறாயா என்று கேட்கிறார்கள். மார்ச் 12-க்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேலை போகும். அதே நாளில்தான் கிளப்பின் மனு விசாரணைக்கு வருகிறது. கரைப் புறம்போக்கு முழுவதையும், ஆற்றில் மூன்று கிலோமீட்டரையும் வண்டி ஓட்டும் தடமாக நிரந்தரமாகக் கேட்டிருக்கிறார் கிளப் தலைவர். கிடைத்துவிட்டால் எனக்கு வேலை இருந்தும் பயனில்லை. கலங்கிய ஆற்றில் எதை அளப்பது? வெள்ளம் வந்தால் கீழ்க்கரை ஜனங்களை எழுப்பும் சங்கு இந்த எண்ணை நம்பித்தான் ஊதுகிறது. அது உனக்கும் தெரியும்.

பாறைகளை நகர்த்தியது யார் என்று நீ அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதித் தர முடியுமா?

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உன் தங்கை

*

பிப்ரவரி 11, புதன்

அன்புள்ள வாயாடிக்கு,

நீ பிறந்ததிலிருந்து என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இந்தக் கடிதத்தின் நீளம் வராது. தபால்காரர் பாரம் தாங்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

நோட்டீஸ் விஷயம் கேட்டு வருத்தமாக இருந்தது. அதற்கு வழி சுலபம். "அனுபவக் குறைவால் தவறு நேர்ந்தது, இனி கவனமாக இருப்பேன்" என்று எழுதிக் கொடு. பாவம், சின்னப் பெண் என்று விட்டுவிடுவார்கள். பேசாமல் இருப்பதுதான் உனக்குக் கைவந்த கலை ஆயிற்றே.

நீ கேட்ட இரண்டு வரியை என்னால் தர முடியாது. நான் வேலை செய்யும் பட்டறை யாருடையது தெரியுமா? தலைவரின் மச்சானுடையது. ஏழு வண்டி நிற்கும் பெரிய கொட்டகை. சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்குகின்றன. நம் ஊரில் ஒரே ஸ்பேனருக்கு மூன்று பேர் அடித்துக்கொள்வோம். விசாரணையில் அனுமதி கிடைத்தால் ஒரு முழு மூலையையே எனக்குத் தனியாகத் தருவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். என் பெயரில் போர்டு வைக்கலாமாம். நீ கேட்பது என் சோற்றில் மண் போடச் சொல்வது.

இன்னொன்று. ஆறு கண்ணாடிப் பாத்திரமா, உடைந்துபோக? வெள்ளம் வந்தால் வீடு அளவு பாறையை உருட்டுகிறது. அதற்கு முன்னால் எங்கள் டயர் எம்மாத்திரம்? அடி வாங்குவதெல்லாம் வண்டிதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் படும் பாட்டை வந்து பார். வண்டியடியில் சக்கரங்களைச் சுழற்றும் சூடான ஆக்சில் பச்சைத் தண்ணீரில் இறங்கியதும் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். திறந்தால் கருப்பாக இருக்க வேண்டிய கியர் ஆயில் டீ நிறத்தில் வரும். அதுவும் பாதிதான் இருக்கும். ஒரு கடை டீயே போடலாம்.

அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடு. தேதி நெருங்கினால் பதற்றப்படாதே.

அன்று அத்தனை பேர் முன்னால் சொன்னது வாய் தவறி வந்தது. அதை இன்னுமா சுமந்துகொண்டிருக்கிறாய்?

அண்ணன்

*

பிப்ரவரி 17, செவ்வாய்

அன்புள்ள அண்ணா,

சுமக்கிறேன். லேசாக இருந்திருந்தால் எப்போதோ இறக்கி வைத்திருப்பேன்.

மன்னிப்பு எழுதிக் கொடுக்க மாட்டேன். நான் தப்பாக எழுதவில்லை. காய்ச்சல் அன்றுகூட அம்மாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கினேன். எனக்கு வீட்டுப்பாடம் வரவில்லை, சத்தமாகப் படிக்க வரவில்லை, வகுப்பில் எழுந்து நிற்க வரவில்லை. ஆனால் இந்த ஒன்று வருகிறது. வருகிற ஒன்றையும் தப்பு என்று நானே கையெழுத்துப் போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

பதினோரு வண்டிகள் வந்தன. தலைவரின் பச்சை வண்டி, அதுதான் யானைத் தும்பிக்கை மாதிரி காற்றுக்குழாய் வைத்தது, படிக்குப் பக்கத்தில் சரளைக்கல்லில் புதைந்துவிட்டது. அங்கேதான் மீன்கள் வாலால் தட்டித் தட்டிக் கூழாங்கல்லில் வட்டக்குழி செய்து முட்டை வைத்திருந்தன. போன வாரம் எண்ணினேன், பத்தொன்பது குழி. சக்கரம் சுற்றச் சுற்ற அந்த இடமே குழம்பாகிவிட்டது. பிறகு ஒருவர் வின்ச் கொக்கியை இழுத்துக்கொண்டு நேராக என் பலகையிடம் வந்தார். அதன் இரும்புத் தூணில் மாட்டப் போனார்.

"வேணாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தண்ணீரில் இறங்கித் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, நகரு. அஞ்சு நிமிஷ வேல."

நான் அசையவில்லை.

"இது என்ன உன் வீட்டுக்காரனா, இப்படிக் கட்டிப் புடிச்சிருக்க?"

அதற்கு ஒரே சிரிப்பு. தலைவர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரு இது? ஓ, நம்ம மெக்கானிக் தங்கச்சியா. அண்ணன் தங்கமான ஆளு. நீ ஏம்மா இப்படி? பேசு, வாயில என்ன கொழுக்கட்டையா?"

தலையை மட்டும் ஆட்டினேன். இடுப்பு வரை தண்ணீர். கடைசியில் அலுத்துப்போய்க் கரையில் இருந்த மரத்தில் கொக்கியை மாட்டினார்கள். வண்டி வெளியே வரும்போது வேர் பாதி பெயர்ந்துவிட்டது. அவர்கள் போன பிறகும் நான் தூணை விடவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர்மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம், பலகையைச் சுற்றிக்கொண்டு கீழே போனது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. உன் கடிதம் ஞாபகம் வந்தது.

ஆக்சிலைத் திறந்தால் ஆயில் பாதிதான் இருக்கும் என்று எழுதியிருந்தாயே அண்ணா, மீதிப் பாதி எங்கே போகிறது?

தங்கை

*

பிப்ரவரி 27, வெள்ளி

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

தூணில் கொக்கி மாட்டப் போனது யார்? தாடிக்காரனா? வீட்டுக்காரன் என்று சொன்னவன் யார்? எனக்குத் தெரிய வேண்டும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் உனக்கே தெரியும். அதனால்தானே கேட்டாய். பத்தொன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது திறந்தால் நேராகக் குரல்வளையைத்தான் பிடிக்கிறாய்.

திங்கட்கிழமை ஐந்து வண்டிகளுக்கு ஆக்சில் திறந்தேன். வடிந்ததை வழக்கமாகப் பழைய டிரம்மில் ஊற்றிவிடுவேன். இந்த முறை ஊற்றவில்லை. ஏன் என்று கேட்காதே.

ஆனால் விசாரணைக்குப் போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன். தலைவர் வக்கீல் வைத்திருக்கிறார். அந்த ஆள் பேசினால் கல்லும் தலையாட்டும். உன்னை எழுப்பி நிறுத்தி நாலு கேள்வி கேட்பார். நீ ஏழாம் வகுப்பில் கவிதை ஒப்பிக்க நின்றதுபோல் நிற்பாய். அன்று ஜன்னலுக்கு வெளியே நான் நின்றிருந்தேன், உனக்குத் தெரியாது. நீ வாயைத் திறக்கவில்லை, கண்ணிலிருந்துதான் கொட்டியது. மொத்த வகுப்பும் சிரித்தது. உள்ளே வந்து ஒருத்தனையாவது அடித்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும். அப்படிப்பட்ட நானே டிசம்பரில் எல்லோரையும் உன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தேன். அது வாய் தவறி வந்ததல்ல. தெரிந்தேதான் சொன்னேன். நீ மாட்டேன் என்றதும் எனக்கு அவமானமாக இருந்தது, அதனால்.

போகாதே. அலுவலகத்துக்கு எழுதி அனுப்பு. எழுத உனக்கு வருகிறது.

இன்று எவ்வளவு?

அண்ணன்

*

மார்ச் 6, வெள்ளி

அன்புள்ள அண்ணா,

இன்று காலை ஒன்று எண்பத்தைந்து. வெயில் ஏறுகிறது, ஆறு இறங்குகிறது. நீ கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

யார் சொன்னார்கள் என்பதை எழுத மாட்டேன். நீ போய்ச் சண்டை போடுவாய்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து பொறியாளர் மேடம் நேரில் வந்தார். குடை, காலணி எல்லாவற்றையும் மேல் படியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கி வந்தார். "நீ படி, நானும் படிக்கிறேன். ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுவோம்" என்றார். எழுதினோம். ஒரே எண். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் பார்த்தோம். அப்போதும் ஒரே எண். மேடம் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். திடீரென்று கை நின்றது.

"இது என்ன?"

ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி உண்டு. அம்மா அதை எப்போதும் காலியாகத்தான் விடுவார். அலுவலகத்தில் எண்ணை மட்டும் நகல் எடுப்பார்கள். காலி இடத்தைப் பார்த்தால் எனக்கு எழுதத் தோன்றும். 'ஒன்பது வண்டி. இரண்டு மணி நேரம். தண்ணீர் கலங்கல், மாலைவரை தெளியவில்லை.' 'பதினாலு வண்டி. மீன் குழிகள் ஏழு போயின.' இப்படி நாற்பத்தேழு ஞாயிறு எழுதியிருக்கிறேன்.

"இத உன்ன யாரு எழுதச் சொன்னது?"

"யாரும் இல்ல மேடம்."

"யாராவது படிச்சாங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப ஏன் ஆபீஸ்ல வந்து சொல்லல?"

என்ன பதில் சொல்வது? சொல்ல வராததால்தான் எழுதினேன். எழுதியாயிற்று, யாராவது படிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் யாரும் அந்தப் பத்தியைப் பார்ப்பதே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. மேடம் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "எங்க மேலயும் தப்பு இருக்கு" என்றார். நோட்டீஸைப் பற்றிக் கவலைப்படாதே, ஆனால் விசாரணைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சொன்னார். இன்னொன்றும் சொன்னார். பாறைகளை வெள்ளம்தான் உருட்டியது என்று கிளப் எழுதிக் கொடுத்திருக்கிறதாம். யாராவது பார்த்தவர்கள் சொன்னால்தான் நிற்குமாம்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமான இடம்.

டிசம்பர் 6-ஆம் தேதிக் குறிப்பில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'பலகைக்குக் கீழே கற்கள் நகர்த்தப்பட்டன.' யார் நகர்த்தியது என்று எழுதவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னை எழுத முடியவில்லை. எண்ணில் நாலு சென்டிமீட்டர் குறைக்க மாட்டேன் என்று உன்னிடம் அவ்வளவு ரோஷமாகச் சொன்னவள், குறிப்பில் உன்னைக் குறைத்துவிட்டேன். அது பொய்யா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

12-ஆம் தேதி என்னைக் கேட்டால் சொல்வேன். என் அண்ணன்தான் என்று சொல்வேன். உனக்குத் தெரியாமல் போய்ச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அது பழக்கம்தான். நான் பேசாமல் இருக்கிறேன், நீ பேசாமல் இரு. இரண்டும் ஒன்றுதான்.

இல்லை, ஒன்றில்லை. அதை அடித்துவிடுகிறேன்.

தங்கை

*

மார்ச் 14, சனி

அன்புள்ள வாயாடிக்கு,

விசாரணையில் நீ பார்த்தது பாதி, நான் பார்த்தது பாதி. உன் பாதியைப் பொறியாளர் மேடம் எனக்குச் சொல்லிவிட்டார். என் பாதியை நான் உனக்குச் சொல்கிறேன்.

உன் கடிதம் புதன்கிழமைதான் கையில் கிடைத்தது. வியாழன் காலை முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். உன்னைத் தடுக்க வந்தேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்தேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. மடியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது. பக்கத்து சீட்டு அம்மா, "என்னப்பா, டீ கொண்டுபோறியா?" என்று கேட்டார். வழியில் டயர் வெடித்து ஒரு மணி நேரம் போய்விட்டது.

ஊருக்குள் பஸ் நுழையும்போது உன்னைப் பார்த்தேன். எதிர்ச் சாலையில், தலையைக் குனிந்துகொண்டு, ஓடாத குறையாகப் போய்க்கொண்டிருந்தாய். ஜன்னலிலிருந்து கத்தினேன். உன் காதில் விழவில்லை. போச்சு, அழவைத்து அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

விசாரணைக் கூடத்துக்குள் போனால் அங்கே யாரும் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. நீ செய்ததை மேடம் சொன்னது அப்புறம்தான். வக்கீல் எழுந்து, இந்தப் பெண் ஆற்றுப் பக்கமே போவதில்லை, வீட்டில் நிழலில் உட்கார்ந்து மனம்போன போக்கில் எண் எழுதுகிறாள் என்று நீட்டி முழக்கினாராம். விசாரித்த அதிகாரி, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டாராம். நீ எழுந்து நின்றாயாம். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, மணி அஞ்சேகால் ஆச்சு. ஆறு மணிக்கு அளவு பாக்கணும். நான் போகட்டுமா?" என்று கேட்டாயாம்.

மொத்தம் பத்து வார்த்தை! வக்கீலுக்குக் கொடுத்த காசு தண்டம்.

பதிவேடு மேஜைமேல் இருந்தது. அதிகாரி குறிப்புப் பத்தியை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். டிசம்பர் 6 வந்ததும், "இந்தக் கல்ல யாரு நகர்த்தினதுன்னு இங்க யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். வக்கீல், "வெள்ளம்தான் ஐயா" என்றார்.

நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. நீ போய்விட்டாய், இனி உன்னை யாரும் கேட்கப்போவதில்லை. அப்படியே திரும்பியிருந்தால் திங்கட்கிழமை எனக்குத் தனி மூலை, என் பெயரில் போர்டு. நினைத்துப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. நீ தண்ணீரில் நின்று தூணைப் பிடித்துக்கொண்டிருந்தபோது உனக்கும் திரும்பிப்போக நாற்பத்திரண்டு படிகள் இருந்தனவே என்றும் நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "இழுத்தது நான்தான்."

தலைவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "டேய், உனக்கு வயித்துவலின்னு சொன்னாங்களே?"

"ஆமா தலைவரே, அது இப்பதான் சரியாச்சு."

கேனை மேஜைமேல் வைத்துத் திறந்தேன். ஐந்து வண்டிகளின் ஆக்சிலில் மிச்சமிருந்தது இவ்வளவுதான், இதேபோல் இன்னொரு பங்கு ஆற்றில் இருக்கிறது என்றேன். நாற்றம் முதல் வரிசைவரை போனது. தலைவர், "உனக்குத் தனி இடம் தர்றேன்னு சொன்னேனேடா" என்றார், கிட்டத்தட்ட அழுகிற குரலில். "இடம் இருக்கட்டும் தலைவரே. இந்த எண்ணெய எந்த ஊர்க் கெணத்துல ஊத்தலாம்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவருக்குப் பதில் வரவில்லை. நம் குடும்ப வியாதி அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் மேடத்தின் போன் சிணுங்கியது. பார்த்துவிட்டு எழுந்து, அதிகாரியிடம் நீட்டினார். மணி ஆறு ஒன்று. உன் செய்தி: 'ஒன்று எண்பத்துநாலு. தண்ணீர் தெளிவு.' அதிகாரி அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு பதிவேட்டை மூடிவைத்தார்.

"அந்தப் பொண்ணு என் தங்கச்சி" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. அவருக்கு அந்தப் பக்கம் நின்றவரிடமும் சொன்னேன்.

வீட்டுக்கு வரவில்லையே என்று கோபிக்காதே. கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டியிருந்தது. பட்டறையில் என் சாமான்களை விடியும் முன்னே வாசலில் வைத்துவிடுவார்கள் என்று தெரியும். அப்படியே நடந்தது. பம்ப்செட் ரிப்பேர் கடை ஒன்றில் இன்று சேர்ந்திருக்கிறேன். சின்ன இடம். ஸ்பேனர் ஒன்றுதான், சண்டையும் உண்டு.

ஆனால் இரவு நன்றாகத் தூக்கம் வருகிறது.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 13, திங்கள்

அன்புள்ள அண்ணா,

நேற்று முழுக்க நீ இங்கே இருந்தாய். இருந்தும் எழுதுகிறேன். உனக்கு எதிரே நின்றால் மறுபடியும் "ம்" மட்டும்தான் வருகிறது.

உத்தரவு வந்த அன்று மேடம் அதைப் படியில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினார். ஆற்றிலோ கரைப் புறம்போக்கிலோ எந்த வண்டியும் இறங்கக் கூடாது. நகர்த்திய கற்களைக் கிளப்பின் செலவில் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். "பழைய இடம் எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று மேடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "சரி சரி, உங்க அண்ணனுக்கு நானே சொல்லி அனுப்புறேன்" என்று சிரித்தார்.

நீ கரையில் வின்ச்சோடு நின்று ஒவ்வொரு பாறையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இழுத்ததை அம்மா மேல் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாசி பிடித்த பக்கம் எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்பதுகூட உனக்கு ஞாபகம் இருந்தது. பதினோராவது கல் நகர்ந்ததும் ஆறு தொண்டையைக் கனைத்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டதே, உனக்குக் கேட்டதா? கேட்டிருக்கும். நீ அப்போது வேலையை நிறுத்திவிட்டு நின்றாய்.

போகும்போது தாடிக்காரர் என்னிடம் வந்து, "அன்னிக்கு ஏதோ வெளையாட்டா சொல்லிட்டேம்மா" என்றார். நான் அவரைப் பார்த்து, "தூண்ல கொக்கி மாட்டக் கூடாது" என்றேன். அன்று சொல்ல வராதது நேற்று வந்தது. இரண்டு மாசம் தாமதம், அவ்வளவுதான்.

மாலை ஆறு மணிக்கு நீயே அளவு பார்க்கிறேன் என்று இறங்கினாய். நின்றபடியே பார்த்துவிட்டு, எழுபத்துமூன்று என்றாய். "உக்காந்து பாரு. கண்ணு தண்ணி மட்டத்துக்கு வரணும். மேலேந்து பாத்தா தப்பா வரும்" என்றேன். உட்கார்ந்தாய். உன் பேண்ட் நனைந்தது. காலையில் ஒன்று எழுபத்தாறு. இப்போது ஒன்று எழுபத்திரண்டு. உன் முகத்தைப் பார்த்தேன். நாலு விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டு, என் தலையில் ஒரு குட்டு வைத்தாய். வலித்தது. இனி டிசம்பரைச் சுமக்க மாட்டேன்.

பதிவேட்டில் பழையதை அழிக்கவோ திருத்தவோ கூடாது. விட்டுப்போனதை எழுத வேண்டுமானால் எழுதும் நாளின் பக்கத்தில்தான் எழுத வேண்டும். நீ பஸ் ஏறிய பிறகு, நேற்றைய பக்கத்தில் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன். இப்போதெல்லாம் மேடம் இந்தப் பத்தியைத்தான் முதலில் படிக்கிறாராம். அதனால் எழுத்தை அழகாகப் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு. மாலை 6 மணி. 1.72. தண்ணீர் தெளிவு.

குறிப்பு: டிசம்பர் 6 குறிப்பில் விடுபட்டது. கற்களை நகர்த்தியவர் என் அண்ணன். இன்று அவற்றைப் பழைய இடத்தில் வைத்தவரும் அவரே. வண்டி: ஒன்று. கரையிலேயே நின்றது. ஆற்றில் இறங்கவில்லை.

உன்
வாயாடி